இரண்டாவது கியரின் பல்

அத்தியாயம் 6

செத்தவள் கடலை விற்கிறவள். அதனால்தான் அழகுமுத்துவின் வழக்கு மூன்று வாரமாகப் போக்குவரத்துப் பொலிசின் மேசையிலேயே கிடந்தது.

முப்பத்தெட்டுத் தொன் ஜெனரேட்டரை ஏற்றிய அந்த வண்டி, கொட்டாஞ்சேனை மேட்டில் பின்னால் உருண்டபோது ஒரு சிப்பாயின் சப்பாத்து நுனியை நசுக்கியிருந்தாலும் போதும். ஓட்டியவன் தமிழன் என்பதற்காகவே பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே தள்ளிப் பூட்டி, திறப்பைக் கடலில் எறிந்திருப்பார்கள். 1997ஆம் ஆண்டு. முந்தின வருடம் லொறிக் குண்டு வெடித்ததிலிருந்து, லொறி என்ற சொல்லைக் கேட்டாலே கொழும்பு மிரண்ட காலம். ஆனால் நசுங்கியது மயிலம்மா. ஐம்பத்திரண்டு வயது, கேட்க ஆளில்லை, கூடையில் அவித்த கடலை. ஆகவே ‘கவனயீனமாக வாகனம் செலுத்தி மரணம் விளைவித்தல்’ என்று ஒற்றை வரி எழுதி, அழகுமுத்துவை ரிமாண்டில் போட்டுவிட்டு, பொலிஸ் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டது.

“என் வீட்டுக்காரரு ஓட்டியிருந்தா வண்டி பின்னால உருண்டிருக்காது மிஸ்,” என்று சொல்லிக்கொண்டு வந்தவள் அவன் மனைவி பாக்கியலெட்சுமி. “அவரு ஒத்துக்கிட்டாருங்கிறாங்க. அடிச்சு ஒத்துக்க வச்சிருப்பாங்க. நீங்கதான் நெசத்தக் கண்டுபிடிக்கணும்.”

அந்த நிசத்தைத் தேடித்தான் செவ்வாய்க்கிழமை காலை எனது த்ரீவீல் வெள்ளவத்தையிலிருந்து வடக்கே ஓடிக்கொண்டிருந்தது. நான் புவாத். கிராண்ட்பாஸ்காரன். பின் சீட்டில் குடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவர் பாலேஸ்வரி மிஸ். இருபத்திரண்டு வருடம் ஒரு இன்சூரன்ஸ் கம்பனிக்காக நொறுங்கிய வாகனங்களைப் பார்த்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தவர். பென்ஷனுக்குப் பிறகும் அந்த வியாதி போகவில்லை. மனிதர்களைவிட நெளிந்த தகரத்தை அதிகம் நம்புவார்.

“புவாத், உமக்கு இண்டைக்கு வாய் மட்டும்தான் வேலை செய்யுது. கொஞ்சம் வேகமா விடும்.”

“மிஸ், முன்னுக்கு செக்பொயின்ட் ஈக்கிது. வேகமா போனா நம்மட கதையை அடுத்த ஆள்தான் எழுதோணும்.”

செக்பொயின்ட்டில் எனது அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தந்தார்கள். மிஸ்ஸின் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அவரை இறக்கி, கைப்பையை மேசையில் கொட்டி, குடையை விரித்து, மடக்கி, மறுபடி விரித்துப் பார்த்தார்கள். மிஸ் பொறுமையாக நின்றார். வந்து ஏறியதும், “குடைக் கம்பி ஒண்டை வளைச்சுப்போட்டாங்கள்,” என்றார். அவ்வளவுதான்.

செபஸ்தியனின் லொறி யார்ட் கொட்டாஞ்சேனையில், துறைமுகத்து வடக்கு வாசலுக்குக் கிட்ட இருந்தது. முதலாளி செபஸ்தியன் வெள்ளைச் சட்டை, கழுத்தில் சிலுவை, முகத்தில் எந்நேரமும் துக்க வீட்டுக்கு வந்தவரின் பணிவு. பொலிஸ் திருப்பிக் கொடுத்த வண்டி யார்டின் மூலையில் நின்றது. பின் சில்லுகளை யாரோ நன்றாகக் கழுவியிருந்தார்கள்.

“என்ன மிஸ் செய்றது. ஆண்டவன் சித்தம்,” என்றார் செபஸ்தியன்.

“ஆண்டவனைப் பிறகு விசாரிப்பம். அண்டைக்கு என்ன நடந்தது?”

“தமிழ் ட்ரைவர்மாருக்குத் துறைமுகப் பாஸ் குடுக்க மாட்டாங்க மிஸ். அதால ஜினதாச எண்ட சிங்கள ட்ரைவர்தான் உள்ளுக்குப் போறது. அவர் பாரத்தை ஏத்திக்கொண்டு வெளியில வந்தாப் பிறகு, வளைவில நிக்கிற அழகுமுத்து ஏறி ஓட்டுவான். சட்டப்படிதான் எல்லாம். அண்டைக்கும் அப்பிடித்தான் மாறினாங்க. மாறி மேட்டில ஏத்தேக்கதான் வண்டி உருண்டது.”

“அந்தப் பக்கத்தில ஒரு புது வண்டி நிக்குதே?”

“அது ஓட்டோமெட்டிக் மிஸ். நாலு மாசத்துக்கு முதல் ஜப்பான்ல இருந்து இறக்கினன். எது வேணும், நீயே தெரிஞ்செடு எண்டு அழகுமுத்துக்கிட்ட சொன்னன். இந்தப் பழைய மெனுவலைத்தான் எடுத்தான்.”

“ஏனாம்?”

“பெரிய பாரத்துக்கு மெனுவல்தான் சரியாம். இறக்கத்தில கியரைக் குறைச்சா எஞ்சினே வண்டியைப் பிடிச்சு வைக்குமாம். ஓட்டோமெட்டிக் தன்ட பாட்டுக்குக் கியரை மாத்திப்போடுமாம். நடு ரோட்டில பழுதானாலும் மெனுவலை ஒரு ஸ்பேனரோட திருத்தலாமாம். எங்கட சேர்ச் ஃபாதர்கூட அவ்வளவு நீளமாப் பிரசங்கம் வைக்க மாட்டார்.” செபஸ்தியன் பெருமூச்சு விட்டார். “அவன் தெரிஞ்செடுத்தது மிஸ். நான் சொல்லேல்ல.”

கடைசி வசனத்தை அவர் இரண்டு தடவை சொன்னார். ஒரு மனிதன் கேட்காத கேள்விக்கு இரண்டு தடவை பதில் சொன்னால் மிஸ்ஸின் இடது புருவம் ஏறும். ஏறியது.

வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கால்களுக்கு உரியவர் மர்ஸூக், யார்டின் மெக்கானிக், தூரத்து உறவில் எனக்கு நாநா, அதாவது அண்ணன் முறை.

“மர்ஸூக் நாநா, வெளிய வாங்க. மிஸ் வந்தீக்கி.”

“மிஸ்ஸ உள்ளுக்கு வரச் செல்லு. இங்க குளிர்ச்சி.”

மிஸ் உண்மையாகவே சேலையைச் செருகிக்கொண்டு குனிந்தார். ஐம்பத்தெட்டு வயதுப் பெண் லொறிக்கு அடியில் புகுந்ததைப் பார்த்து செபஸ்தியன் ஒரு சிலுவைக் குறி போட்டார். நானும் பின்னால் ஊர்ந்தேன்.

“கியர்ப் பொட்டிக்குக் கடைசியா எப்ப கை வச்சனீங்கள்?” என்று கேட்டார் மிஸ்.

“எக்சிடன்டுக்கு முந்தின நாள். பௌர்ணமிப் போயா லீவு. பெரிய பாரம் வருதுண்டு நான் தனிய வந்து எண்ணெய் மாத்தின. ஒரு பொட்டுத் தூள் இல்லாமக் கழுவிப்போட்டு, புது எண்ணெய் ஊத்தின.”

“அடியில ஒரு ஆணி இருக்குமே, காந்தம் வச்சது. எண்ணெயில இரும்புத் தூள் விழுந்தா ஒட்டிப் பிடிக்கிறதுக்கு. பொலிசார் அதைக் கழட்டிப் பார்த்தவையோ?”

மர்ஸூக் சிரித்தார். “அவங்க ஹெட்லைட் உடையல்லண்டு எழுதிட்டுப் போன.”

“கழட்டுங்கோ.”

ஆணி கழன்று வந்தது. அதன் நுனிக் காந்தத்தில் வெள்ளி நிறத்தில் இரும்புச் செதில்கள் கொத்தாக ஒட்டியிருந்தன. துரு ஏறாத புதுச் செதில்கள். மர்ஸூக்கின் சிரிப்பு போய்விட்டது. கியர்ப் பெட்டியின் மேல்மூடியைக் கழற்றி, டோர்ச் அடித்து, வெகு நேரம் பார்த்தார்.

“ரெண்டாவது கியர்ப் பல்லு,” என்றார். “யாரோ கடிச்சுத் துப்பின மாதிரி ஈக்கிது.”

“அழகுமுத்து?”

“மிஸ், அழகு கியர் போட்டா பக்கத்துல ஈக்கிறவனுக்கே தெரியாது. இது பழைய பொட்டி. ஒவ்வொரு கியருக்கும் கிளச்சை ரெண்டு தரம் மிதிக்கோணும். ஒருக்கா மிதிச்சு வெளிய எடுத்து, எஞ்சின் வேகத்தைச் சரிக்கட்டி, பிறகு ரெண்டாந்தரம் மிதிச்சு உள்ள போடோணும். தெரியாதவன் கார் மாதிரி ஒருக்கா மிதிச்சிட்டு இழுத்தா பல்லு அரைபடும், கியர் உள்ள போகாது. வண்டி எந்தக் கியர்லயும் இல்லாம நிக்கும்.”

“மேட்டில?”

“மேட்டுல நிக்காது மிஸ். வாசல்ல செக் பண்ண எஞ்சினை ஓஃப் பண்ணச் செல்வாங்க. பிறேக்குக் காத்து இறங்கிப் போகும். மிச்சக் காத்து முப்பத்தெட்டுத் தொன்னைப் பிடிச்சு வைக்கக் காணாது.”

மிஸ் அந்த ஆணியைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டார். லொறிக்கு அடியிலிருந்து வெளியே வந்தபோது அவர் முகம் முழுக்கக் கரி. கண்ணில் மட்டும் பெருநாள்.

“புவாத், மட்டக்குளிக்கு விடும்.”

ஜினதாச மட்டக்குளி மாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருந்தான். நாற்பத்தைந்து வயது, மூன்று வாரத்துத் தாடி. கதவைத் திறந்தவன் எங்களைக் கண்டதும் மூடப் பார்த்தான். நான் செருப்பை இடையில் வைத்தேன். புதுச் செருப்பு. அதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்.

மிஸ் சிங்களத்தில் கதைத்தார். யாழ்ப்பாணத்து உச்சரிப்பில் சுத்தமான சிங்களம். உட்காரச் சொல்லும்வரை காத்திருக்கவில்லை.

“ஜினதாச, நீங்கள் நல்ல ட்ரைவர் என்று கேள்விப்பட்டேன்.”

“இருபது வருடம் மிஸ்.”

“வான், பிறகு செபஸ்தியன் முதலாளியின் ஓட்டோமெட்டிக். சரியா?”

“பழைய வண்டியும் ஓட்டுவேன்.”

“அப்படியா? அந்தப் பழைய வண்டியில் முதலாவது கியரிலிருந்து இரண்டாவது கியருக்குப் போக, கிளச்சை எத்தனை தடவை மிதிக்க வேண்டும்?”

ஜினதாச மிஸ்ஸையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான். இதென்ன கேள்வி என்ற பார்வை.

“எக்க பாரய்,” என்றான்.

ஒரே தடவை.

மிஸ் கைக்குட்டையை விரித்து அந்த ஆணியை மேசையில் வைத்தார். செதில்கள் மின்னின. “அந்த ஒரு தடவை இதுதான்,” என்றார். “இதில் ஒட்டியிருப்பது இரும்பு மட்டுமில்லை ஜினதாச.”

அப்படிச் சொல்லியிருக்கத் தேவையில்லை. மிஸ்ஸுக்கு அந்தக் கெட்ட குணம் உண்டு. ஆள் விழுந்த பிறகும் குடை நுனியால் ஒரு குத்து. ஜினதாச மேசையில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான். உள் அறையிலிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எனக்குச் சோறு இறங்கவில்லை மிஸ். கடலை வாசம் வந்தால் வாந்தி வருகிறது.”

“ஓட்டியது யார்?”

“நான்தான்.”

“அழகுமுத்து எங்கே இருந்தான்?”

“வண்டியில்தான் இருந்தான். மற்றதைக் கேட்காதீர்கள் மிஸ். புண்ணியமாகப் போகும், மற்றதைக் கேட்காதீர்கள்.”

வளைவில் ஏறிய அழகுமுத்து இடப்பக்கச் சீட்டில் இருந்திருக்கிறான், மாறி உட்கார நேரமில்லை, என்று மிஸ் முடிவு கட்டினார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மற்றதைக் கேட்கவில்லை. ஒரு தாளில், ‘வண்டியைச் செலுத்தியது நான்’ என்று ஜினதாச சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தான். எழுத்து கோடு தாண்டி ஓடியது.

கீழே இறங்கியதும் மிஸ் நேரே மூலைக் கொமியுனிகேஷன் போன் கடைக்குள் புகுந்தார். பாக்கியலெட்சுமியின் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் போன் உண்டு. அவளைக் கூப்பிட ஆள் போய் வரும்வரை மிஸ் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று விரலால் தாளம் போட்டார்.

“மிஸ், எல்லாம் முடிஞ்ச பிறகு செல்லலாமே,” என்றேன். “அழகுமுத்துவ இன்னும் நாம பாக்கல்லையே.”

“மூண்டு கிழமையா அந்தப் பிள்ளை அழுதுகொண்டு திரியுது. ஒரு நல்ல சேதியை வச்சுக்கொண்டு ஏன் பேசாம இருக்க வேணும்?” என்றார். பிறகு போனில்: “பாக்கியலெட்சுமியோ? ஓம், பாலேஸ்வரி. உங்கட மனிசன் ஓட்டேல்ல. கியர்ப் பல்லு சாட்சி சொல்லுது. ஜினதாசவுக்கு அந்த வண்டியை ஓட்டவே தெரியாது. அழாதையுங்கோ. இனி ஒருத்தரும் உங்கட மனிசனில பழி போட ஏலாது.”

பாக்கியலெட்சுமிக்காகத்தான் போன் எடுத்தார் என்று நான் நம்ப விரும்புகிறேன். ஆனால் மிஸ்ஸின் குரலை எனக்குத் தெரியும். அதில் பாதிப் பெருமை அவருக்கு.

ரிமாண்ட் சிறையில் பார்வையாளர் கூடம் என்றால் இரண்டு கம்பி வலை. நடுவில் மூன்றடி இடைவெளி. அந்தப் பக்கம் நாற்பது பேர், இந்தப் பக்கம் நாற்பது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அழகுமுத்து குள்ளமான மனிதன். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து இருபது வருடமாகக் கொழும்பில் பாரம் ஏற்றுகிறவன். அடிபட்ட அடையாளம் எதுவும் அவன் முகத்தில் இல்லை. அது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

மிஸ் வெற்றி வீராங்கனையாகக் கதையைச் சொன்னார். எண்ணெய், காந்த ஆணி, ஒரே தடவை. ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் அழகுமுத்துவின் முகம் வெளிறிக்கொண்டே போனது.

“யாரு மிஸ் ஒங்கள இதத் தோண்டச் சொன்னது?”

“உங்கட மனிசி.”

“அவளுக்கு ஒண்ணுந் தெரியாது.” அவன் வலையை இரு கையாலும் பிடித்தான். “சரிங்க மிஸ். ஜினதாசவுக்கு ரெண்டாங் கியரு போடத் தெரியாது. துறைமுகத்துக்குள்ள பாரம் ஏத்துன எடத்துலருந்து வாசலு வரைக்கும் ஒன்றரை மைலு. ரெண்டு திருப்பம், ஒரு பாலம். அங்க யாரு மிஸ் ஓட்டுனா?”

மிஸ் பையில் இருந்த ஆணியை விரலால் தடவினார். அவரோடு ஓடித் திரிகிற ஐந்து வருடத்தில், ஒரு கேள்வியில் அவர் பிடிபட்டதை நான் பார்த்ததில்லை.

“சீட்டுக்குப் பின்னால படுக்கிற எடம் இருக்கு,” என்றான் அழகுமுத்து. கத்துகிற கூட்டத்தில் அவன் மட்டும் மெதுவாகப் பேசினான். நாங்கள் வலையில் காதை ஒட்டிக் கேட்டோம். “திரையப் போட்டுட்டா ஆளு இருக்கிறது தெரியாது. உள்ள போகையில நான் அதுல படுத்துக்குவேன். வாசலத் தாண்டுனதும் எந்திரிச்சு நாந்தான் ஓட்டுவேன். திரும்பி வாசலுக்கு வரும்போது மொதக் கியரப் போட்டுட்டு மறுபடி படுத்துக்குவேன். மொதக் கியருல வண்டி தானா ஊரும். ஜினதாச ஸ்டேரிங்கப் புடிச்சு, அட்டையக் காட்டி, வளைவு வரைக்கும் கொண்டாருவான். அங்க மாறிக்குவோம். நாலு மாசமா இப்படித்தான்.”

“செபஸ்தியனுக்குத் தெரியுமோ?”

“அந்தத் திரையத் தச்சுக் குடுத்ததே அவுக வீட்டம்மா. இப்ப கேட்டா, நான் கள்ளத்தனமா ஏறுனேன்னு சொல்லுவாரு.”

பாஸ் இல்லாத தமிழன், துறைமுகத்துக்குள்ளே, லொறிக்குள்ளே திரை மறைவில், நாலு மாசம். நான் மனதுக்குள் ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தேன். பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு அதற்கு மேல் எந்தச் சாட்சியும் தேவையில்லை.

“அன்னிக்கு வளைவுல நிறுத்த முடியல,” என்றான். “பின்னால ஆமி ட்ரக்கு ரெண்டு. ஹோர்ன அடிச்சுக்கிட்டே, போ, போன்னு கத்துறாங்க. அவங்க கண்ணு முன்னால நான் எப்புடி எந்திரிச்சு சீட்டுக்கு வாறது? ஜினதாச அப்புடியே மேட்டுல ஏத்துனான்; ட்ரக்கு ரெண்டும் மேட்டடியில வேற பக்கம் திரும்புனத அவன் கவனிக்கல. மொதக் கியருலயே விட்டிருந்தா ஊர்ந்து ஏறியிருக்கும். பயத்துல ரெண்டாவதுக்கு இழுத்துட்டான். நான் திரைக்குப் பின்னாலருந்து வேணாம், வேணாங்கிறேன். பல்லு அரைபடுற சத்தம் கேட்டுச்சு. பொறகு மயிலம்மா சத்தம். ஒரே சத்தந்தான் மிஸ்.”

மயிலம்மா ஒவ்வொரு தடவையும் அந்த வளைவில் அவனுக்காக ஒரு சுருள் கடலையைத் தனியாக எடுத்து வைத்திருப்பாளாம். அன்றைக்கு வண்டி நிற்கவில்லையே என்று சுருளைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடி வந்திருக்கிறாள். அதனால்தான் சில்லுக்கு அவ்வளவு கிட்ட நின்றாள்.

“ஜினதாச செலையாட்டம் ஒக்காந்திட்டான். நாந்தான் பாய்ஞ்சு ஹேண்ட் பிறேக்க இழுத்து, அவன அந்தப் பக்கம் தள்ளிட்டு, ட்ரைவர் பக்கக் கதவால எறங்குனேன். நாந்தான் ஓட்டுனேன்னு மொத ஆளாச் சொன்னேன். யாரும் அடிக்கல. அடிக்கிறதுக்கு மொத சொன்னாத்தான் அந்தத் திரைய யாரும் பாக்க மாட்டாங்க.”

மிஸ்ஸின் குரல் கீழே இறங்கியிருந்தது. “அந்த ஓட்டோமெட்டிக்கை எடுத்திருக்கலாமே தம்பி. ஜினதாச தானா ஓட்டிக்கொண்டு வந்திருப்பான். நீங்கள் ஒளிக்கத் தேவையே இல்லை. ஏன் இதைத் தெரிஞ்செடுத்தனீங்கள்?”

அழகுமுத்து சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

“ஜினதாச தானா ஓட்டிட்டு வந்தா அப்பறம் நான் எதுக்கு மிஸ்? அவனுக்குப் பாஸ் இருக்கு, பேரு இருக்கு, செக்பொயின்ட்டுல சலாம் போடுறாங்க. எனக்கு இருக்கிறது இந்தக் கையும் காலுந்தான். எறக்கத்துல எஞ்சின் புடிக்கும், பாரத்துக்கு நல்லதுன்னு மொதலாளிக்கிட்ட சொன்னதெல்லாம் நெசம். ஆனா அதுக்காக நான் எடுக்கல. என்னத் தவிர எவனாலயும் ஓட்ட முடியாத வண்டியா இருக்கட்டுமேன்னு எடுத்தேன்.”

மணி அடித்தது. காவலர்கள் ஆட்களை வலையிலிருந்து பிய்க்கத் தொடங்கினார்கள்.

“வியாழக்கிழம கோர்ட்டு மிஸ். வக்கீலு ரெண்டு வருசங்கிறாரு. ரெண்டு வருசத்துக்கு ஒரு முடிவு இருக்கு. மத்ததுக்கு முடிவே இல்ல. என் புள்ளைங்க மூஞ்சியப் பாக்கணும் மிஸ். அந்தத் தாளக் கிழிச்சுப் போட்டுடுங்க.”

மிஸ் யோசிக்கவில்லை. பையிலிருந்து ஜினதாசவின் தாளை எடுத்து, அவன் கண்ணுக்கு முன்னால் நாலாக, எட்டாக, பதினாறாகக் கிழித்தார். அழகுமுத்து கைகூப்பினான். இன்சூரன்ஸ் காலத்திலிருந்து ஒரு துண்டுச் சாட்சியைக்கூட அழித்தறியாத பெண். துண்டுகளைக் கைப்பையில் போட்டு மூடினார். காந்த ஆணியை வெளியே வந்ததும் ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் எறிந்தார்.

நான் த்ரீவீலை ஸ்டார்ட் பண்ணினேன். “பரவால்ல மிஸ்,” என்றேன். “முதல் தடவையா ஒரு கேஸைக் கண்டுபிடிச்சு, திருப்பித் தொலைச்சிட்டு வாறோம்.”

மிஸ் சிரிக்கவில்லை. குடையைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

“புவாத்,” என்றார். “நான் போன் எடுத்தனான்.”

அன்றைக்கு நான் ஓட்டிய ஓட்டத்தில் என் த்ரீவீல் இரண்டு தடவை ஒற்றைச் சில்லில் போனது. மருதானையில் ஒரு செக்பொயின்ட். மிஸ்ஸை இறக்கினார்கள். பை மேசையில் கொட்டுப்பட்டது. பதினாறு துண்டுத் தாளை ஒரு சிப்பாய் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். சிங்கள எழுத்து. “காதல் கடிதமா?” என்று சிரித்தான். மிஸ்ஸும் சிரிக்க வேண்டியிருந்தது. பதினெட்டு நிமிடம் போனது. நான் எண்ணிக்கொண்டே நின்றேன். துஆ ஓதினேன், பாதியில் வார்த்தை மறந்துபோனது.

கொட்டாஞ்சேனையில் பாக்கியலெட்சுமியின் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரி மாக்ரெட், “கோயிலுக்குப் போய்ட்டு அப்பிடியே பொலிசுக்குப் போறன் எண்டு சொன்னா. முகத்தில என்ன சந்தோசம் தெரியுமா மிஸ்?” என்றாள்.

பொலிஸ் நிலையத்து வாசலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். நெற்றியில் புதுத் திருநீறு, குங்குமம். தலையில் பூகூட வைத்திருந்தாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவள் பல்லைப் பார்த்தேன்.

“மிஸ்! நீங்க சொன்னதும் ஓடியாந்து எல்லாத்தையும் சொல்லிப்புட்டேன்.”

“என்ன சொன்னனீங்கள் பாக்கியலெட்சுமி?”

“கியருப் பல்லு அரைபட்ட கதை, ஜினதாசவுக்கு ஓட்டத் தெரியாத கதை, எல்லாந்தான். மொதல்ல காதுலயே வாங்கல மிஸ். போ போன்னு வெரட்டுனாங்க. பொறகு உள்ளருந்து பெரிய ஐயா ஒருத்தரு வந்தாரு. நல்லா தமிழு பேசுறாரு. கதிரையில ஒக்கார வச்சு, டீ வாங்கிக் குடுத்து, பொறுமையாக் கேட்டாரு. இவ்வளவு நல்லவங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சு.”

நான் மிஸ்ஸைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

“கடைசியா ஒண்ணே ஒண்ணு கேட்டாரு மிஸ். அப்ப துறைமுகத்துக்குள்ள வண்டிய ஓட்டுனது யாரும்மான்னு.”

“நீங்கள்?” என்றார் மிஸ்.

“என்னங்கய்யா இப்புடிக் கேட்டுட்டீங்கன்னேன்.” அவள் நிமிர்ந்து நின்றாள். “அந்த வண்டிய ஓட்டுறதுக்கு இந்தக் கொழும்புலயே ஒரே ஆளுதான், அது எங்க வீட்டுக்காரருதான், அவரத் தவிர எவனாலயும் முடியாதுன்னேன். அப்புடியே எழுதிக்கிட்டாரு. கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டேன்.”

நிலையத்தின் பக்கக் கதவால் ஒரு ஜீப் வெளியே வந்தது. உள்ளே சிவில் உடுப்பில் நாலு பேர். எங்களைக் கடந்து, சிறைச்சாலை இருக்கிற பக்கமாகத் திரும்பியது. முன் சீட்டில் இருந்தவர் பாக்கியலெட்சுமியைப் பார்த்துத் தலையசைத்தார். அவளும் கும்பிட்டாள்.

“அவருதான் மிஸ். இன்னிக்கே என் வீட்டுக்காரர ரிமாண்டுலருந்து வெளிய எடுக்கிறதாச் சொல்லிட்டுப் போறாரு.” அவள் மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் சரியாத்தானே மிஸ் சொன்னேன்?”

மிஸ் அந்தக் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஜீப் திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஓம்,” என்றார்.